தொங்கும் உறை

குளுவாங்கில் சித்தப்பா வீட்டு அலமாரியில் ஒரு பழைய பால்மாவு டின் இருக்கிறது. மூடியைத் திறந்தால் உள்ளே பித்தளைத் துண்டுகள். விரல்நுனி அளவுதான் இருக்கும். ஒரு பக்கம் மரை, மறுபக்கம் வெட்டுப்பட்ட மொட்டை முகம். சின்ன வயதில் பள்ளி விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் அவற்றை வைத்துக் கடை விளையாட்டு விளையாடியிருக்கிறேன். உடைந்த திருகுகளை ஒரு மனிதர் எதற்காகச் சேர்த்து வைத்திருக்கிறார் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. பல வருஷம் கழித்துக் கேட்டபோது சொன்னார்: “அது ஒடஞ்சு போனது இல்லடா. ஒடைய வச்சது. ஒடையலன்னாதான் தப்பு.”

சித்தப்பா ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். ஒரு பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, லேத் பழகி, பிறகு சிஎன்சி பழகி, முப்பது வருஷம் போல எண்ணெய்க் கிணற்றுச் சாமான்களைக் கடைந்தவர். கொஞ்ச காலம் பாலம் தாண்டி சிங்கப்பூரில், பிறகு ஜொகூரிலேயே. அவர் கடைந்ததில் பெரும்பகுதி ‘லைனர் ஹேங்கர்’ என்ற சாதனத்துக்கும், அதைக் கிணற்றின் ஆழத்தில் பொருத்திவிட்டு மேலே திரும்பி வரும் ‘செட்டிங் டூல்’ என்ற கருவிக்கும் உரிய பாகங்கள். ஆனால் எண்ணெய்க் கிணறு ஒன்றை அவர் நேரில் பார்த்ததே இல்லை.

மலேசியத் தமிழ்த் தொழிலாளர் வரலாறு என்று நாம் எழுதுவது பெரும்பாலும் பால்மரத்தோடும் ரயில் தண்டவாளத்தோடும் நின்றுவிடுகிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, மக்கள் பட்டணத்துக்கு வந்த பிறகு அந்தக் கைகள் என்ன செய்தன என்பதைப் பற்றி நம்மிடம் எழுத்து குறைவு. அதனால்தான் இந்தப் பித்தளைத் துண்டின் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். அது கிணற்றுக்கு உறை போடும் கதை. யாரும் பார்க்க முடியாத இடத்தில் செய்த வேலைக்குச் சாட்சி தேடும் கதையும்கூட.

நிற்கும் உறை

கிணறு தோண்டிய யாருக்கும் முதலில் தெரியவரும் உண்மை, மண் சும்மா நிற்காது என்பதுதான். தோண்டத் தோண்டச் சரியும். தமிழ் நிலத்தில் இதற்குக் கண்ட வழி உறைகிணறு. சுட்ட மண்ணால் வளையங்கள் செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, குழியின் சுவரைத் தாங்க வைப்பார்கள். கீழடியிலும் அரிக்கமேட்டிலும் அகழாய்வில் இவை கிடைத்திருக்கின்றன. பட்டினப்பாலையிலும் உறைகிணறு பற்றிய குறிப்பு உண்டு. இன்றைக்கு ஆழ்துளைக் கிணற்றுக்காரர்கள் ‘கேசிங் பைப்’ என்று சொல்வதற்கு நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் சொல் உறைதான்.

உறைகிணற்றில் கீழ் வளையம் மேல் வளையத்தைச் சுமக்கிறது. அதாவது அது நிற்கும் உறை. பத்து, இருபது வளையங்களுக்கு இது போதும். ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இப்படி அடுக்க முடியாது.

சீனத்தின் சிச்சுவான் பகுதியில் உப்புநீருக்காகத் துளையிட்டவர்கள் 11ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே மூங்கிலை உறையாகப் பயன்படுத்தினார்கள். பெரிய மூங்கில்களின் கணுக்களை உள்ளே குடைந்தெடுத்து, ஒன்றின் வாயில் மற்றொன்றைச் செருகி இறக்கினார்கள். மேலடுக்கின் நல்ல தண்ணீர் உள்ளே கசிந்து உப்புநீரைக் கெடுக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. அதே பகுதியில் 1835இல் ஷென்ஹாய் கிணறு 1,000 மீட்டர் ஆழத்தைத் தாண்டியது. இயந்திரம் கிடையாது. மூங்கில் வடமும் இரும்பு உளியும்தான்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1859இல் எட்வின் டிரேக் தோண்டிய புகழ்பெற்ற எண்ணெய்க் கிணறும் முதலில் மாட்டிக்கொண்டது மண்சரிவில்தான். தண்ணீர் ஊறி, மணல் சரிந்து, துளை மூடிக்கொண்டே இருந்தது. டிரேக் இரும்புக் குழாய் ஒன்றைத் தரைக்குள் சுமார் 32 அடி, பாறை தட்டும் வரை அடித்து இறக்கி, அதற்குள்ளே விட்டுத் துளையிட்டார். 69 அடி சொச்சத்தில் எண்ணெய் வந்தது. நவீன எண்ணெய்த் தொழிலின் தொடக்கம் என்று சொல்லப்படும் அந்த நாளுக்குப் பின்னால் இருப்பது ஓர் உறை.

அடுத்த அரை நூற்றாண்டில் உறை போடுவதே தனித் தொழிலாக வளர்ந்தது. கலிபோர்னியாவின் ரூபன் பேக்கர் 1907இல் உறைக் குழாயின் அடிமுனைக்கு ஒரு ‘ஷூ’ கண்டுபிடித்துக் காப்புரிமை பெற்றார். ஆல்மண்ட் பெர்க்கின்ஸ் குழாய்க்கும் பாறைக்கும் நடுவே சிமெண்டு செலுத்தும் முறையைச் செம்மைப்படுத்தினார். அவரிடம் கொஞ்ச காலம் வேலை பார்த்த ஏர்ல் ஹாலிபர்ட்டன் 1919இல் ஓக்லஹோமாவில் சொந்தமாகச் சிமெண்டு போடும் தொழிலைத் தொடங்கினார். இன்று கோடி கோடியாகப் புரளும் நிறுவனங்கள் சிலவற்றின் பெயர்கள் இப்படித் துளைக்கு உறை போட்டவர்களின் பெயர்கள்தான்.

தொங்கவிட்டால் என்ன?

ஆழம் கூடக்கூட ஒரு கணக்கு இடித்தது. கிணற்றை ஒரே அகலத்தில் கடைசிவரை தோண்ட முடியாது. கொஞ்ச தூரம் தோண்டி, உறை போட்டு, சிமெண்டு வைத்து, அதற்குள் நுழையும் சிறிய உளியால் மேலும் தோண்டி, அதற்குள் இன்னும் சிறிய உறை போடவேண்டும். பழைய கப்பல்களின் தொலைநோக்கியை விரித்து வைத்ததுபோல மேலே அகலம், கீழே குறுகல். ஒவ்வொரு உறையும் தரைமட்டத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்றால் செலவு என்னாவது?

ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். 3,000 மீட்டர் வரை 9⅝ அங்குல உறை போட்டாயிற்று. அதற்குக் கீழே 4,000 மீட்டர் வரை தோண்டியிருக்கிறோம். இப்போது 7 அங்குலக் குழாய் இறக்க வேண்டும். வழக்கமான ஒருவகை 7 அங்குலக் குழாய் மீட்டருக்கு 43 கிலோ எடை. தரையிலிருந்து 4,000 மீட்டருக்கு இறக்கினால் 172 டன் எஃகு. அதில் 3,000 மீட்டர், ஏற்கெனவே உறை இருக்கும் இடத்தில் இன்னொரு உறை. அதற்குப் பதிலாக மேல் உறையின் அடிப்பகுதிக்குள் 150 மீட்டர் மட்டும் ஏறியிருக்கும்படி 1,150 மீட்டர் குழாயை அங்கேயே தொங்கவிட்டால்? 50 டன் போதும். மேலே தொடங்காமல் பாதியில் தொங்கும் இந்தக் குழாய்க்குப் பெயர் லைனர். உள்ளுறை என்று சொல்லலாம். அதைத் தொங்கவிடும் பிடிமானம்தான் லைனர் ஹேங்கர்.

சொல்ல எளிது. 50 டன் எடையை 2,850 மீட்டர் ஆழத்தில், வெந்நீர் போல் சுடும் சேற்றுக்குள், வழவழப்பான எஃகுச் சுவரில் மாட்டவேண்டும். ஆணி கிடையாது, பற்றவைப்பு கிடையாது. இடமும் கிடையாது: அந்த இரண்டு குழாய்களுக்கும் நடுவே ஒரு பக்கத்துக்கு 21 மில்லிமீட்டர் இடைவெளிதான் மிஞ்சும். ஒரு கட்டைவிரல் பருமன். அதற்குள்ளேதான் பிடிக்கும் பற்கள், பற்களைத் தள்ளும் சரிவு, சரிவின்மேல் ஏற்றும் உந்துருளை எல்லாம் அடங்கவேண்டும். அடங்கிய பிறகு சேறும் சிமெண்டும் கடந்துபோக வழியும் மிச்சமிருக்க வேண்டும்.

அடிப்படை யோசனை ஆப்புதான். சரிவான கூம்பு ஒன்று, அதன்மேல் பல்வைத்த எஃகுத் துண்டுகள். இவற்றை ‘ஸ்லிப்’ என்பார்கள். துண்டுகளைச் சரிவில் மேலே தள்ளினால் அவை வெளிப்பக்கம் விரிந்து சுவரைக் கடிக்கும். கீழே தொங்கும் எடை அதிகமாக அதிகமாகக் கடியும் இறுகும். கதவுக்குக் கீழே செருகிய ஆப்பு, கதவைத் தள்ளத் தள்ள இறுகுவது மாதிரி.

அந்தத் துண்டுகளை மேலே தள்ளுவது யார் என்பதுதான் கேள்வி. பழைய முறையில் குழாயைத் திருப்பித் தள்ளினார்கள். ஹேங்கரின் வெளிப்புறத்தில் வில் போன்ற பட்டைகள் சுவரை உரசிக்கொண்டு நிற்கும். மேலேயிருந்து குழாயைக் கால் சுற்றுத் திருப்பினால் உள்ளேயிருக்கும் ஒரு முளை ‘ஜே’ வடிவக் காடியிலிருந்து விடுபடும். பிறகு இறக்கினால் பற்கள் கடிக்கும். நேரான கிணற்றில் இது நன்றாகவே வேலை செய்தது. 1930களிலும் 40களிலும் கலிபோர்னியா, டெக்சஸ் பட்டறைகளில் இப்படிப் பல வடிவங்கள் பிறந்தன. ஹூஸ்டனைச் சேர்ந்த சிசரோ பிரவுன் என்பவர் பெயரில் மட்டும் ஏராளமான காப்புரிமைகள். அவருடைய நிறுவனம் பின்னால் ஹியூஸ் நிறுவனத்துக்குள் போயிற்று. 1987இல் பேக்கரும் ஹியூஸும் ஒன்றாயின. ஷூ கண்டுபிடித்தவர் வீடும் ஹேங்கர் செய்தவர் வீடும் ஒரே கூரைக்குள் வந்தது இப்படித்தான்.

கடலுக்குப் போனதும் நேரான கிணறு அரிதாயிற்று. ஒரு மேடையைக் கட்டிவிட்டு அங்கிருந்து நாலா பக்கமும் சாய்வாகப் பல கிணறுகள் தோண்டுவதுதான் கடலில் கட்டுப்படியாகும். சாய்ந்த துளையில் குழாய் சுவரோடு படுத்துக்கொள்ளும். மேலே ஒரு சுற்றுச் சுற்றினால் கீழே முனை அசையுமா என்பதே சந்தேகம். திருப்பித் தள்ளும் முறை இங்கே நம்பிக்கைக்கு உரியதாக இல்லை. அதனால் திருகுவதை விட்டுவிட்டு, திரவ அழுத்தத்தால் தள்ளும் முறை முன்னுக்கு வந்தது. இதுதான் ஹைட்ராலிக் ஹேங்கர்.

ஓர் உருண்டை, மூன்று சமிக்ஞை

வேலை நடக்கும் விதத்தைப் படிப்படியாகப் பார்த்தால்தான் அந்தப் பித்தளைத் துண்டின் இடம் புரியும்.

லைனரின் தலையில் செட்டிங் டூல் மாட்டியிருக்கும். அதன் மேல்முனை ட்ரில் பைப்போடு சேர்ந்திருக்கும். மொத்த எடையையும் அது சுமந்துகொண்டு மெதுவாக இறங்கும். வேண்டிய ஆழம் வந்ததும் மேலேயிருந்து குழாய்க்குள் ஓர் உருண்டையைப் போடுவார்கள். எலுமிச்சங்காயைவிடக் கொஞ்சம் சின்னது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது சேற்றோடு பயணித்துக் கீழே ஓர் இருக்கையில் போய் உட்காரும். இப்போது வழி அடைபட்டுவிட்டது. மேலே பம்பு ஓட ஓட உள்ளே அழுத்தம் ஏறும்.

அழுத்தம் ஹேங்கரின் பக்கத்துளை வழியாக உந்துருளையைத் தள்ளும். ஆனால் உந்துருளை உடனே நகராது. அதைப் பித்தளைத் திருகுகள் பிடித்து வைத்திருக்கும். இவைதான் ‘ஷியர் பின்’. குறிப்பிட்ட விசை வந்தால் மட்டும் வெட்டுப்பட வேண்டும். ஒரு வடிவமைப்பில் அது 1,500 பிஎஸ்ஐயாக இருக்கலாம். கார் டயரில் இருப்பது 30 சொச்சம் பிஎஸ்ஐ என்பதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். எத்தனை திருகுகள் போடுகிறோம் என்பதை வைத்து அந்த எண்ணைக் கூட்டலாம், குறைக்கலாம். திருகுகள் வெட்டுப்பட்டதும் உந்துருளை மேலேறும், பற்கள் விரியும், சுவரைக் கடிக்கும். உடனே மேலே இருப்பவர் குழாயை மெல்லத் தளர்த்துவார். எடைமானியில் லைனரின் எடை குறைந்து, ஆனால் குழாய் கீழே இறங்காமல் நின்றால், தொங்கிவிட்டது என்று பொருள். இது முதல் சமிக்ஞை.

பிறகு அழுத்தத்தை இன்னும் ஏற்றினால் வேறொரு தொகுதித் திருகுகள் வெட்டுப்பட்டு, செட்டிங் டூல் லைனரை விட்டுவிடும். சில வகைகளில் வலப்பக்கம் திருப்பி விடுவிப்பார்கள். விட்டதா என்று அறிய, கொஞ்சம் தூக்கிப் பார்க்க வேண்டும். லைனரின் எடை இல்லாமல் வெறும் ட்ரில் பைப் எடை மட்டும் காட்டினால் சரி. இரண்டாவது சமிக்ஞை. அதற்கும் மேலே அழுத்தினால் உருண்டையின் இருக்கையே வெட்டுப்பட்டு வழி திறக்கும். முள் சட்டென்று விழும். மூன்றாவது சமிக்ஞை. இனி சிமெண்டு அனுப்பலாம். சிமெண்டு போனதும், லைனரின் தலையிலுள்ள ரப்பர் அடைப்பை எடையால் அழுத்தி இறுக்கிவிட்டு, கருவியை மேலே இழுத்துக்கொள்வார்கள்.

கவனிக்க வேண்டியது இதுதான். மூன்று கிலோமீட்டர் கீழே நடக்கும் எதையும் யாரும் பார்ப்பதில்லை. கேமரா இல்லை, விளக்கு இல்லை. அழுத்தமானியின் முள்ளும் எடைமானியின் முள்ளும்தான் கண். அந்த முட்கள் உண்மை பேசவேண்டுமென்றால், 1,500இல் உடையவேண்டிய திருகு 1,500ஐ ஒட்டியே உடையவேண்டும். 1,000த்தில் உடைந்தால் போகிற வழியிலேயே ஓர் அழுத்தத் தடுமாற்றத்தில் ஹேங்கர் கடித்துக்கொண்டுவிடும். குழாய் சேரவேண்டிய இடம் சேராது. 2,500இல் உடைந்தால் எது முதலில், எது பிறகு என்ற ஒழுங்கே குலைந்துவிடும். தொங்குவதற்கு முன்னாலேயே விட்டுவிடுகிற ஆபத்து வரும்.

சித்தப்பாவின் டின் இப்போது விளங்குகிறது. ஒவ்வொரு தொகுதித் திருகிலும் சிலவற்றை எடுத்துப் பட்டறையிலேயே அழுத்தி உடைத்துப் பார்த்து, உடைந்த எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். மீதித் திருகுகளுக்கு அந்த உடைந்தவைதான் ஜாமீன். கிணற்றுக்குப் போன ஹேங்கரின் திருகுகள் பூமிக்குள்ளேயே தங்கிவிடும். திரும்பி வருவது கருவி மட்டும். அவர் கையில் மிஞ்சியவை, போகாதவை. “போனது என்ன ஆச்சுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. ஃபோன் வரலன்னா நல்லா ஒடஞ்சிருக்குன்னு அர்த்தம்” என்பார்.

கிணறில்லாத ஊரில்

ஜொகூரில் எண்ணெய்க் கிணறு கிடையாது. மலேசியாவின் முதல் கிணறு 1910இல் சரவாக்கின் மீரியில் தோண்டப்பட்டது. ஆகஸ்டில் வேலை தொடங்கி டிசம்பரில் எண்ணெய் கண்டார்கள். ஆழம் சுமார் 130 மீட்டர். ஷெல் நிறுவனத்தின் அந்தக் கிணறு ‘கிராண்ட் ஓல்ட் லேடி’ என்ற பெயரோடு 1972 வரை எண்ணெய் கொடுத்தது. 1974இல் பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டமும் பெட்ரோனாஸும் வந்தன. 1978இல் திரங்கானு கடலில் தாப்பிஸ் வயல் உற்பத்தியைத் தொடங்கியது. 2007இல் சபாவுக்கு அப்பால் 1,300 மீட்டர் ஆழக் கடலில் கிக்கே வயல். 130 மீட்டர் கிணற்றிலிருந்து 1,300 மீட்டர் கடலுக்கு வர நூறு வருஷம்கூட ஆகவில்லை.

இதில் ஜொகூரின் இடம் கரையில். பாசிர் கூடாங் துறைமுகம் 1977இல் திறக்கப்பட்டது. அதன் பக்கத்திலிருக்கும் கப்பல் கட்டும் தளம் பிறகு எண்ணெய் மேடை கட்டும் தளமாகவும் வளர்ந்தது. சபா கடலில் நிற்கும் குமுசுட்-காக்காப் மிதவை மேடையும் மாலிக்காய் மேடையும் அங்கே கட்டப்பட்டவைதான். பல்லாயிரம் டன் எடையுள்ள அந்த மேடைகள் கடலுக்கு இழுத்துப் போகப்பட்டபோது செய்தி வந்தது, படம் வந்தது. பெங்கராங்கில் 2011இல் அறிவிக்கப்பட்ட பெரிய சுத்திகரிப்பு வளாகத்துக்காகக் கிராமங்களும் கல்லறைகளும் இடம்பெயர்ந்தபோது போராட்டமும் நடந்தது, அதுவும் செய்தியானது. ஜொகூரில் எண்ணெய் என்றால் ஆளுக்கு ஆள் ஞாபகம் வருவது இவைதான். சின்னப் பட்டறைகள் யார் கண்ணிலும் படவில்லை.

ஆனால் ஒரு தலைமுறைத் தமிழர்கள் போய்ச் சேர்ந்தது அந்தப் பட்டறைகளில்தான். ரப்பர் விலை சரிந்து, தோட்டங்கள் செம்பனைக்கும் பிறகு வீட்டுமனைக்கும் மாறியபோது, குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் வட்டாரத் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் மாசாய், பாசிர் கூடாங், செனாய் பக்கம் வந்தார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டாரில் ஏறிப் பாலம் தாண்டி ஜூரோங்குக்கும் துவாசுக்கும் போனவர்கள் உண்டு. அவர்களுடைய அப்பா அம்மாவும் நான்கு மணிக்குத்தான் எழுந்தவர்கள். பெரட்டுக்குப் போகவேண்டுமே.

பால் வெட்டுவதை வெறும் உடலுழைப்பு என்று நினைப்பவர்கள் வெட்டிப் பார்க்காதவர்கள். பட்டைக்கு உள்ளே, மரத்தை ஒட்டி, உயிருள்ள ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. பால் அதிகம் ஊறுவது அதை ஒட்டித்தான். கத்தி அதற்கு ஒரு மில்லிமீட்டர் சொச்சம் முன்னாலேயே நிற்கவேண்டும். மேலோட்டமாக வெட்டினால் பால் குறையும், கங்காணி ஏசுவார். ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், பட்டை மறுபடி சரியாக வளராது. கண்ணால் பார்க்க முடியாத அந்த ஆழத்தைக் கைதான் அறியும், அதுவும் தலைவிளக்கு வெளிச்சத்தில். பாட்டி இருபத்தைந்து வருஷம் இதைச் செய்தவர். அவருக்கு யாரும் ‘திறன் பெற்ற தொழிலாளி’ என்று சான்றிதழ் கொடுக்கவில்லை.

சித்தப்பாவின் கதையும் வேறல்ல. ஒருமுறை ஒரு தொகுதித் திருகுகள் சோதனையில் ஏறுக்குமாறாக உடைந்தன. ஒன்று குறைவாக, ஒன்று அதிகமாக. அவர் மொத்தத்தையும் ஒதுக்கி வைத்தார். கப்பலேற்றத் தேதி நெருங்கியிருந்தது. மேலாளர் வந்து, சராசரி சரியாகத்தானே இருக்கிறது, அனுப்பு என்றார். “சராசரி கெணத்துக்குள்ள போகாது போஸ், ஒவ்வொரு பின்னா போகும்” என்று இவர் சொல்லியிருக்கிறார். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் பித்தளைக் கம்பியே வேறு சரக்கு கலந்து வந்திருக்கிறது என்று தெரிந்து தொகுதி திரும்பிப் போனது. அந்த வருஷம் அவருக்கு போனஸ் குறைந்தது. காரணம் தாமதம் என்று போட்டிருந்தார்களாம். தொழிற்சாலையின் பெயரை எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எழுதவில்லை.

முள் சொன்னதும் மனிதர் கேட்டதும்

ஒரு திருகுக்கு இவ்வளவு பிடிவாதம் தேவையா என்று கேட்கலாம். இரண்டு கிணறுகளைச் சொல்கிறேன். இரண்டிலும் ஹேங்கர் திருகு குற்றவாளி அல்ல. பார்க்க முடியாத ஆழத்திலிருந்து வந்த சமிக்ஞையை மேலே இருந்தவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

முதலாவது நம் பக்கத்துக் கடல். ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே, தீமோர் கடலில் மொன்டாரா வயல். 2009 மார்ச்சில் ஒரு கிணற்றின் 9⅝ அங்குல உறைக்குச் சிமெண்டு போட்டார்கள். அழுத்தத்தை விட்டதும் 16.5 பேரல் திரவம் மேலே திரும்பி வந்தது. கீழேயுள்ள வால்வு பிடிக்கவில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. அந்தத் திரவத்தை அப்படியே திருப்பி உள்ளே பம்பு செய்தார்கள். அடியில் இருக்கவேண்டிய சிமெண்டு அதனால் கெட்டது. சோதிக்காமல் விட்டுவிட்டார்கள். ஆகஸ்ட் 21ஆம் தேதி கிணறு வெடித்துக் கிளம்பியது. 74 நாள் எண்ணெய் ஒழுகியது. இந்தோனேசியாவின் ரோத்தே, தீமோர் கரைகளில் கடற்பாசி வளர்த்துப் பிழைத்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள், பயிர் அழிந்துபோனதாக வழக்குப் போட்டன. 2021இல் சிட்னி நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2022இல் 19 கோடியே 25 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்குச் சமரசம் ஆயிற்று. பதின்மூன்று வருஷம்.

இரண்டாவது மெக்சிகோ வளைகுடாவின் மகோண்டோ கிணறு. அங்கே கடைசிக் கட்டத்தில் பிபி நிறுவனத்தின் முன் இரண்டு வழி இருந்தன. ஒன்று, ஹேங்கரில் லைனரைத் தொங்கவிட்டு, பிறகு அதிலிருந்து மேலே இன்னொரு குழாய் போடுவது. மற்றது, அடியிலிருந்து கடல்தளம் வரை ஒரே நீளக் குழாய். லைனர் வழியில் தடுப்புகள் கூடுதல், செலவும் கூடுதல். ஒரே குழாயால் 70 லட்சம் முதல் 1 கோடி டாலர் மிச்சம் என்று நிறுவனத்தின் உள் ஆவணம் சொன்னது. ஒரே குழாய் போனது.

லைனர் போட்டிருந்தால் விபத்தே நடந்திருக்காது என்று எழுதிவிடுவது சுலபம். அப்படிச் சொல்ல முடியாது. விசாரணைகள் பெரும்பாலும் கண்டது, எரிவாயு குழாயின் அடிமுனை வழியாக உள்ளேதான் ஏறி வந்தது என்பது. என் கண்ணில் நிற்பது வேறு. 2010 ஏப்ரல் 19ஆம் தேதி, அடியிலுள்ள வால்வை மாற்றி அமைக்க அழுத்தம் கொடுத்தார்கள். 700 பிஎஸ்ஐக்குள்ளேயே மாறவேண்டியது. மாறவில்லை. ஒன்பது தடவை முயன்று, 3,142 பிஎஸ்ஐயில்தான் ஏதோ ஒன்று விட்டது. விட்டது வால்வா, வேறெதுவுமா? பிறகு சேறு சுற்றும்போது அழுத்தம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. கடைசியில் மானிதான் கெட்டுவிட்டது என்று முடிவு செய்தார்கள்.

மறுநாள் மாலை இன்னொரு சோதனை. கிணறு அடைபட்டிருந்தால் அழுத்தம் பூஜ்யத்தில் நிற்கவேண்டும். ட்ரில் பைப்பில் 1,400 பிஎஸ்ஐ காட்டியது. பக்கத்துக் குழாயில் பூஜ்யம். இரண்டும் ஒரே கிணற்றோடு இணைந்தவை, இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கவேண்டும். மேடையில் இருந்த ஒருவர் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். பிடித்தமான எண்ணை வைத்துக்கொண்டு, சோதனை தேறியது என்று எழுதினார்கள். அன்று இரவு பத்து மணிக்குச் சற்று முன் மேடை வெடித்தது. பதினொரு பேர் இறந்தார்கள். 87 நாள் எண்ணெய் பாய்ந்தது.

உலோகம் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டது. 1,400 என்று சொன்னது. நூறு வருஷமாகப் பட்டறைகள் பாடுபட்டது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்: கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து பொய் சொல்லாத ஒரு சாட்சி வேண்டும். சாட்சி கிடைத்த பிறகும், தேதி நெருங்கும்போது, செலவு ஏறும்போது, சாட்சியைச் சந்தேகிப்பதுதான் மனிதருக்கு வசதியாக இருக்கிறது. மானி கெட்டுவிட்டது என்பதும் சராசரி சரியாகத்தானே இருக்கிறது என்பதும் ஒரே வாக்கியம்தான். ஒன்று வளைகுடாவில் சொல்லப்பட்டது, ஒன்று ஜொகூரில்.

இனி

1990களின் கடைசியிலிருந்து இன்னொரு வழி பரவிவருகிறது. பற்களே இல்லாத ஹேங்கர். எஃகுக் குழாயையே உள்ளிருந்து கூம்பால் விரித்து, மேலே பூட்டிய ரப்பர் வளையங்களோடு சுவரில் ஒட்டவைத்துவிடுவார்கள். நகரும் பாகங்கள் குறைவு, கசிவும் குறைவு. இதைப் பற்றிச் சித்தப்பாவிடம் சொன்னேன். யோசித்துவிட்டு, “விரிஞ்சிச்சான்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க?” என்று கேட்டார். அழுத்தத்தையும் எடையையும் வைத்துத்தான் என்றேன். “அப்ப வேல இருக்கு” என்றார்.

போன தீபாவளிக்குப் போயிருந்தபோது என் மகள் அந்த டின்னை எடுத்துத் தரையில் கொட்டிவிட்டாள். சித்தப்பா மெதுவாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். ஒரு திருகை வெளிச்சத்தில் பிடித்து, வெட்டு முகத்தை என்னிடம் காட்டினார். சுத்தமான வெட்டு, பிசிறு இல்லை. “இது அந்தத் தொகுதி. திருப்பி அனுப்புனதுக்கு அப்புறம் புதுசா வந்தது” என்றார். அந்தத் தொகுதியின் மற்ற திருகுகள் இப்போது எந்தக் கடலின் அடியில், எத்தனை மீட்டர் ஆழத்தில் கிடக்கின்றன என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. ஃபோன் எதுவும் வரவில்லை.